பழமை மட்டுமே சான்றாகாது

பெற்ற தாயே தன் மகனைப் பார்த்து, "நீ யாரப்பா?" என்று வினவும் நிலையினும் கொடியதொரு நிலை ஓர் இல்லத்திற்கு உண்டோ? மூளையின் உயிரணுக்கள் படிப்படியாய் அழிவதால் முதுமையில் வரும் மறதிநோய் அத்தகையது. அதனை முற்றத் தீர்க்கும் மருந்து இன்றுவரை உலகில் இல்லை. இவ்வில்லாமையையே வாணிகர் தமக்கு வாய்ப்பாக்கிக் கொள்கின்றனர். 'பன்னூற்றாண்டுப் பழமை வாய்ந்த சீன மூலிகை' என்று அவர் கூறிவிட்டால் போதும், துயருற்ற மக்கள் விலையும் கேளார், சான்றும் கேளார்.

ஆனால், உண்மை என்ன? சீனக் காடுகளின் நிழலில் பூவாச் சிறுசெடி ஒன்று வளர்கின்றது. 'ஆயிரம் அடுக்கு மாடம்' எனும் பொருள்பட அதனைச் 'சியென் செங் தா' என்பர். அந்நாட்டு மருத்துவர் வழிவழியாக அதனை அடிபட்ட காயத்திற்கும் வீக்கத்திற்கும் பயன்படுத்தி வந்தனர். அச்செடியினின்று 'உப்பர்சின்-ஏ' என்னும் பொருளைப் பிரித்தெடுத்துச் சீன அறிவியலாளர் 1986-இல் அறிவித்தனர். நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கின்றது. பழமை தந்தது செடியை. மறதிநோய்க்கு அது பயன்படலாம் எனக் காட்டியதோ ஆய்வுக்கூடம்!

அப்பயனும் இன்னும் உறுதிப்படவில்லை. சீனாவில் அது மருந்தாகவே வழங்குகின்றது. எனினும், 2008-இல் காக்ரேன் ஆய்வுக்குழு அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நன்மைக்குறி தென்பட்டாலும் அவ்வாய்வுகள் சிறியன, செப்பம் குறைந்தன என்றது. 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலோ, நாளுக்கு இருமுறை 200 மைக்கிராம் வீதம் 16 கிழமை கொடுத்தும் நோயாளரின் நினைவுத்திறன் மேம்படவில்லை. அந்நாட்டுக் கடைகளிலோ அஃது உணவுத்துணைப் பொருளாகத் தடையின்றி விற்கின்றது! மறதிநோய்க்கு மருத்துவர் தரும் டோனெப்சிலும் அதே நொதியைத் தடுப்பதே. இரண்டையும் அறியாது சேர்த்துண்டால் குமட்டலும் நெஞ்சத்துடிப்புத் தளர்ச்சியும் நேரலாம்.

இதனால் முன்னோர் அறிவு பொய்யென்று சொல்ல வந்தோமில்லை. கே ஓங் என்னும் பண்டை மருத்துவர் தம் நூலில் எழுதிவைத்த ஒரு குறிப்பே, முறைக்காய்ச்சலுக்கு மருந்து காணத் தூ யூயூ அம்மையார்க்கு வழிகாட்டிற்று. பச்சிலையைக் கொதிக்க வைக்காது நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு அக்குறிப்புக் கூறியது. அவர் அதனை வணங்கி வாளா இருந்தாரல்லர். குறைந்த வெப்பத்தில் சாறெடுத்து, விலங்குகளிடம் ஆய்ந்து, அதன்பின் தாமே உண்டு சோதித்தார். 2015-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

முன்னோர் சொல்லைப் போற்றுதல் என்பது அதனை உரைத்துப் பார்த்தலே. உரைகல்லுக்கு அஞ்சுவது பொன்னன்று. எனவே, அன்பர்களே, நும் இல்லத்து முதியோர்க்கு எவரேனும் மறதிமருந்து கொண்டுவரின், 'எத்துணைப் பழையது?' என்று கேளாதீர், 'எவரிடம் ஆய்ந்தீர்? என்ன கண்டீர்?' என்று கேளுங்கள். விடை வாராதாயின் அம்மருந்தை வாங்காதீர். நினைவிழந்த முதியோர் தமக்காகக் கேட்க இயலாதவர். அவர்க்காகக் கேட்கும் கடமை நம்முடையதே!