எண்ணெய்ச் சட்டியை இறக்குங்கள்

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசோக், சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமியன்று வருகிறது. அரிசி மாவுக்குள் எள்ளுப் பூரணம் வைத்து அரைநிலாவாக மடித்து, பைன் ஊசியிலைகளைப் பரப்பி ஆவியில் வேகவைப்பது சொங்பியோன். இலையின் வாசம் மாவில் ஏறிவிடும். வீடே கூடி உட்கார்ந்து பிடிக்கும் அழகு அதில் உண்டு. உறவினருக்குப் பழம், மாட்டிறைச்சி, ஸ்பாம் எனும் டின் இறைச்சிகூடப் பரிசுப் பெட்டியில் போகும். ஆனால் எனக்கு ஆறாதது அன்றைய முன்னோர் படையலுக்கான பொரியல் வேலைதான். மீனையும் காயையும் மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரித்தே மருமகள்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். படையலுக்கு எண்ணெய்ப் பலகாரம் கட்டாயமில்லை என்று கன்பூசிய மரபைக் காக்கும் சொங்க்யுன்க்வான் அமைப்பு 2022-இல்தான் அறிவித்தது. தலைமுறைகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொங்பியோனும் பழமும் மதுவும் வைத்தால் எந்த முன்னோரும் கோபிக்க மாட்டார்கள்.