லாரி வீடாகக் கூடாதா?

சில வருஷம் சரக்கு ஏற்றி ஓடிய லாரியொன்றை ஒருவர் விலைக்கு வாங்குகிறார். பின்புறத்துக் கூண்டை அடைத்து, ஜன்னல் வைத்து, உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, குடும்பத்துடன் ராமேசுவரத்திலிருந்து காசி வரையில் போய்வர எண்ணுகிறார். பின்னர் ஆர்.டி.ஓ. காரியாலயத்துக்குச் சென்று, "இது இனி லாரியன்று, கேரவன், பதிவுப் புஸ்தகத்தில் அவ்வாறே திருத்தித் தரவேண்டும்" என்று விண்ணப்பித்தால், அவருக்குக் கிடைக்கக்கூடிய பதில் மறுப்பேயாகும். அதோடு, வண்டியை மாற்றியமைத்த குற்றத்துக்குத் தாம் ஆளாகியிருப்பதையும் அங்கேதான் அவர் தெரிந்துகொள்வார். இந்நிலைமை நியாயமானதன்று என்பது நமது அபிப்பிராயம்.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை உற்பத்தி செய்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி எந்தச் சொந்தக்காரரும் அதை மாற்றலாகாதென்று விதிக்கிறது. 2019 ஜனவரி 9ஆம் தேதி, கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், சுப்ரீம் கோர்ட்டார் இப்பிரிவை அதன் வாசகப்படியே உறுதிசெய்து, ராஜ்ய விதிகள் இதற்கு மேற்பட்டு நிற்கமாட்டா என்று தீர்ப்பளித்தனர். வர்ணம் மாற்றுவது போன்ற சில்லறைக் காரியங்களுக்குத் தடையில்லை. அதே வருஷத்தில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், அனுமதியின்றி மாற்றியமைத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. கோர்ட்டாரை நாம் குறை கூறவில்லை. சட்டத்தின் வாசகம் அவ்வாறிருக்க, அவர்கள் வேறெவ்விதம் தீர்ப்புச் செய்ய முடியும்?

கேரவன் என்ற வண்டியே நமது சர்க்காருக்கு ஆகாததென்றால் பேச்சு வேறு. உண்மை அப்படியில்லை. சொந்த உபயோகத்துக்கான கேரவன் வண்டியை 2004ஆம் வருஷத்து அறிவிப்பிலேயே மத்திய சர்க்கார் ஒரு தனி இனமாக ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அவ்வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி நிர்ணயமும் உண்டு. கேரள சர்க்காரோ 2021இல் கேரவன் பிரயாணத்தை வளர்ப்பதற்கே ஒரு திட்டத்தைப் பிரகடனம் செய்தனர். ஆகவே பெரிய கம்பெனி மாதிரி வண்டியொன்றைக் கட்டி, பூனாவிலுள்ளது போன்ற பரிசோதனை நிலையத்தில் சோதிப்பித்து, அங்கீகாரம் பெற்று விற்றால் அது கேரவன். அதையே ஒருவர் தமது பழைய லாரியில், தமது கையிலுள்ள பணத்துக்குத் தக்கபடி செய்துகொண்டால் அது குற்றம்! லாரிக் கூண்டு கட்டுவதில் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும், பஸ் கூண்டு கட்டுவதில் கரூருக்கும் உள்ள பெயரை நாம் சொல்லவேண்டியதில்லை. அவ்வூர்த் தொழிலாளிகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையும் இதனால் போகிறது.

'பாதுகாப்பு' என்று உத்தியோகஸ்தர்கள் கூறுவார்கள். அந்த வார்த்தையை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். 2023 ஆகஸ்டில், மதுரையில் நிறுத்திவைத்திருந்த யாத்திரிகர் ரயில் பெட்டியில், தடையை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். 2024 டிசம்பரில், வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் உறங்கிய இருவர், ஜெனரேட்டரிலிருந்து கசிந்த விஷவாயுவால் இறந்து கிடந்தனர். அடுப்பும் படுக்கையும் ஒரே கூண்டுக்குள் அமையும்போது அபாயமும் உடன் வருகிறது. தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ எடை. முந்நூறு லிட்டர்த் தொட்டியை ஒரு பக்கமாக வைத்தால், வளைவில் வண்டி அப்பக்கம் சாய்கிறது. ஆணியடித்துப் பொருத்தாத அலமாரி, பிரேக் போட்டவுடன் குழந்தையின் தலையில் விழுகிறது. பின்கதவு ஒன்றே வழியாயிருந்து, அது மோதலில் நசுங்கிவிட்டால், உள்ளிருப்பவர் கதி என்ன?

இவையெல்லாம் பரீக்ஷை செய்யவேண்டியவை. ஆனால் இப்போது இவற்றை யார் பரீக்ஷிக்கிறார்கள்? தடை இருப்பதனால் வண்டிகள் மாற்றப்படாமலில்லை. மாற்றியவர்கள் லாரிப் புஸ்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு, சோதனைச் சாவடியில் கேட்டால் ஏதோ சமாதானம் சொல்லிப் போகிறார்கள். காஸ் குழாயை எவரும் பார்ப்பதில்லை. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடக் கூடும்.

இங்கிலாந்தில் வண்டியை மாற்றுவதற்குத் தடையில்லை. உள்ளே மேஜையும் ஆசனமும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் அறை இவை இருக்கவேண்டுமென்று கூறி, படங்களுடன் விண்ணப்பிக்கச் சொல்லுகின்றனர். 2019 முதல் வெளித்தோற்றத்தையும் வற்புறுத்துகின்றனர்; பக்கங்களில் கேரவனுக்குரிய பட்டைச் சித்திரம்கூட அதில் ஓர் அம்சம். பட்டை தீட்டினால்தான் வீடாகுமா என்று அங்குள்ளவர்களே சிரிக்கத்தக்க விஷயம் இது. இந்த வேடிக்கை நமக்கு வேண்டாம். ஆயினும் அங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் புஸ்தகத்தில் பழைய பெயர் நீடிக்குமே தவிர, மாற்றியமைத்ததற்காகவே ஒருவர் குற்றவாளியாவதில்லை.

நமது சட்டத்திலும் வழி அடைபட்டுவிடவில்லை. காஸிலும் பாட்டரியிலும் ஓடும்படி எஞ்சினை மாற்றிக்கொள்ள 52-வது பிரிவே நிபந்தனையுடன் அனுமதிக்கிறது. 2019இன் திருத்தம், உடலூனமுள்ளவர்கள் தங்கள் தேவைக்கேற்ப வண்டியை அமைத்துக்கொள்ளவும் இடந்தந்தது. குறிப்பிட்ட எந்த நோக்கத்துக்காகவும் விலக்களிக்கும் அதிகாரம் அதே பிரிவில் மத்திய சர்க்காருக்கு வெளிப்படையாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. பார்லிமெண்டுக்குப் போகவேண்டிய அவசியமேயில்லை. ஓர் அறிவிப்புப் போதும். கேரவனென்று பதிந்துகொண்டு, வாடகைக்கு ஆளேற்றுவார்களே என்று சிலர் அஞ்சலாம். பெர்மிட்டின்றி வாடகைக்கு ஓட்டுவது இன்றைக்கும் குற்றந்தான். சொந்தக் காரை அப்படி ஓட்டுபவர்களுக்காக எல்லாருடைய காரையும் தடுத்துவிட்டோமா?

போக்குவரத்து மந்திரி இவ்வதிகாரத்தை உபயோகித்து, தனி மனிதர் மாற்றும் ஒற்றை வண்டியைப் பரீக்ஷிப்பதற்கு விதிகள் வகுக்கவேண்டும். மாற்றத் தொடங்குமுன் வரைபடத்தைக் கொடுத்து அனுமதி பெறுவது, வேலை முடிந்தபின் எடை போட்டு அச்சுகளின் பாரத்தைக் குறிப்பது, காஸ், மின்சாரக் கம்பிகள், ஜெனரேட்டர்ப் புகைக்குழாய், இரண்டாவது வெளிவழி, ஓடும்போது உட்காரும் ஆசனங்களின் பெல்ட் ஆகியவற்றைத் தகுதியுள்ள எஞ்சினீயர் பார்த்துக் கையெழுத்திடுவது ஆகிய இவை அதில் அடங்கவேண்டும். கட்டணம் வாங்கட்டும், அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஏற்கெனவே மாற்றப்பட்டு ஓடுகின்ற வண்டிகளை அபராதமின்றிப் பரீக்ஷைக்குக் கொண்டுவர ஒரு வருஷ அவகாசமும் அந்த அறிவிப்பிலேயே அளிக்கப்படவேண்டும்.