எந்தப் பீரங்கி? ஆளில்லா வாகனத்துக்கு உத்தரவு போடும் மொழி

'அதைச் சீக்கிரம் முடிச்சிடுங்க' என்று மேலாளர் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டால், 'எதை சார்?' என்று கேட்டுவிடலாம். போர்க்களத்தில் உத்தரவு இப்படி வந்தால்?

வந்திருக்கிறது. 1854 அக்டோபர் 25, கிரிமியப் போர், பாலக்லாவா. 'எதிரி பீரங்கிகளை எடுத்துச் செல்லாமல் தடுங்கள்' என்று குன்றின் மேலிருந்து எழுதி அனுப்பினார் பிரிட்டிஷ் தளபதி ராக்லன். எந்தப் பீரங்கி என்று எழுதவில்லை. மேலிருந்து அவர் பார்த்தது வேறு, கீழே குதிரைப்படைக்குத் தெரிந்தது வேறு. படைத் தலைவர் லூக்கன் கேட்டும் பார்த்தார். உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் பொத்தாம்பொதுவாகக் கை காட்டினார். சுமார் 670 பேர் தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கை காட்டினால் மனிதனுக்கே புரியவில்லை. ஆளில்லா வாகனத்துக்கு எப்படிப் புரியும்? அதற்காக உருவானதுதான் 'பேட்டில் மேனேஜ்மென்ட் லாங்குவேஜ்', சுருக்கமாக பிஎம்எல். ஆன்லைன் படிவம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். யார் உத்தரவிடுகிறார், யாருக்கு, என்ன செய்ய, எங்கே, எப்போது, எதற்காக என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். சொற்களும் முன்பே முடிவு செய்த பட்டியலில் இருந்துதான்; ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். இதன் தொடர்ச்சியாக 'சி2சிம்' என்ற சர்வதேசத் தரநிலை 2020-ல் வந்தது. கட்டளை மையம், போர்ப் பயிற்சி மென்பொருள், ரோபோ வாகனம் எல்லாம் ஒரே மொழியில் பேசிக்கொள்ள இது வழி செய்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் தெளிவான உத்தரவு எல்லாம் சரியான உத்தரவு ஆகிவிடாது. 'எங்கே' என்ற இடத்தில் தவறான ஆயத்தொலைவு இருந்தால், வாகனம் துல்லியமாகத் தவறான இடத்துக்கே போகும். அங்கே குழந்தைகள் நின்றால், ஒரு சிப்பாய் தயங்குவான். அந்தத் தயக்கத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை. தானியங்கி ஆயுதங்களில் மனிதரின் முடிவெடுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 3000.09 விதி 2012 முதல் சொல்வது இதனால்தான்.

பாலக்லாவாவுக்குப் பிறகு ராக்லனும் லூக்கனும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். பதில் சொல்ல நோலன் உயிரோடு இல்லை. நாளைக்கு 'மெஷின் தப்பு பண்ணிடுச்சு' என்று யாரும் நழுவக் கூடாது. 'யார் உத்தரவிடுகிறார்' என்ற இடத்தில் எப்போதும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும்.