நாற்காலி கிடைத்த பிறகும் நீளும் தடை

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் மன்றக் கூட்ட ஒளிப்படம் வெளியானது. உறுப்பினர்கள் நாற்காலிகளில் இருக்க, தலைவரான பட்டியல் சாதிப் பெண் தரையில் அமர்ந்திருந்தார். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டது. ஊராட்சிச் செயலர் இடைநீக்கம் செய்யப்பட்டார். படம் வெளியானதால் அரசு அசைந்தது. படம் பிடிக்க இயலாத தடைகளைப் பற்றியே நாம் பேச வேண்டும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 188ஆவது பிரிவின்படி ஊராட்சி நிதிக்கான காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரையோ வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆதிக்கச் சாதியினர் பெரும்பான்மையாக உள்ள மன்றத்தில் அப்பதவி யாரிடம் செல்லும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் கையொப்பமிட மறுத்தால் துப்புரவுப் பணியாளரின் ஊதியமும் குடிநீர் மோட்டார்ப் பழுதும் தெருவிளக்கும் நின்றுபோகும். ஊரார் பழிப்பது தலைவரைத்தான். 'பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாது' என்ற பேச்சு இப்படித்தான் உற்பத்தி செய்யப்படுகிறது. அதிகார முறைகேடு, சட்டத்தை மீறல் என்று குற்றஞ்சாட்டி 205ஆவது பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் பதவி நீக்கம் கோருவதும் எளிது.

2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்ந்த 3(1)(எம்) பிரிவு, உள்ளாட்சிப் பொறுப்பிலுள்ள பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கடமையாற்றவிடாமல் மிரட்டுவதையும் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. வலுவான பிரிவுதான். ஆனால், 'கணக்கைச் சரிபார்க்கிறேன்' என்று கூறிக் காசோலையை மாதக்கணக்கில் வைத்திருப்பவரை இப்பிரிவின்கீழ் நிறுத்துவது கடினம். தாமதத்தை நிர்வாகக் கருத்து வேறுபாடு என்று காவல்துறை எளிதில் ஒதுக்கிவிட முடியும். காசோலை முன்வைக்கப்பட்ட நாளைத் தலைவர் எழுத்தில் பதிந்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒப்புகையுடன் அனுப்பிவைத்தால் அக்கடிதமே பின்னாளில் சான்றாகும்.

இத்தனையையும் கடந்து நிர்வாகம் கற்ற பெண்ணுக்கு அடுத்த படி எது? அரசமைப்பின் 243டி பிரிவு தலைவர் பதவி ஒதுக்கீட்டைச் சுழற்சிக்கு உட்படுத்துகிறது. பிற ஊர்களுக்கும் வாய்ப்புச் சேரவேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. எனினும் சுழற்சி மாறியதும் பொதுவாகிவிட்ட அதே பதவிக்கு அவர் போட்டியிட்டால், கட்சிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும் அவரை ஆதரிப்பார்களா? சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இன்னும் தொலைவு. 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தம் அங்கே மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கை, பட்டியல் சாதித் தொகுதிகளுக்குள்ளும் சேர்த்தே, வழங்குகிறது. ஆனால் அது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே நடைமுறைக்கு வருமாறு எழுதப்பட்டது.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் சென்றன. 188ஆவது பிரிவைத் திருத்தக் கோருவதற்கு இந்த இடைவெளி உகந்தது. துணைத் தலைவர் கையொப்பமிடக் காலவரம்பு வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வரம்பு கடந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரின் கையொப்பம் போதுமென்றாக வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. சட்டமன்றத்தில் ஒரு திருத்த முன்வரைவு போதும்.