காவலுக்கே 1 ஜி.பி. ரேமா?

8 ஜி.பி. ரேம் உள்ள ஆண்ட்ராய்டு போனில், 1 ஜி.பி.யைக் காவல்காரரே எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம் லினக்ஸ் கெர்னல். அதில் மெமரி பிழை இருந்தால் போன் திடீரென ரீஸ்டார்ட் ஆகலாம், ஹேக்கருக்கும் வழி கிடைக்கலாம். அதைப் பிடிக்க 2015-ல் லினக்ஸில் சேர்ந்த கருவி 'கேசான்'. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட்டில் கணக்கு எழுதும். ஆக, ரேமில் எட்டில் ஒரு பங்கு காலி!

செலவு அதோடு நிற்காது. கெர்னல் வாங்கும் ஒவ்வொரு மெமரி துண்டுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் இடத்தைச் சும்மா விட்டுவைக்கும். வேலை முடிந்த துண்டையும் உடனே திருப்பித் தராமல் சிறிது நேரம் பூட்டி வைக்கும். அதனால் பேப்பர் கணக்கு உதவாது. ஒரே போனை கேசான் இல்லாமல் ஒருமுறை, கேசானோடு ஒருமுறை ஆன் செய்து, ஒரே வேலையைக் கொடுத்து, மிச்ச ரேமை ஒப்பிட வேண்டும். சும்மா கிடக்கும் போனில் அளந்தால் செலவு குறைவாகத்தான் தெரியும்.

இவ்வளவு கனமான கருவி டெஸ்டிங் மேஜைக்குத்தான் சரி. மக்கள் கையில் ஓடும் கெர்னலுக்காகவே 2021-ல் வந்தது 'கே-ஃபென்ஸ்'. வழக்கமான அமைப்பில் அதற்கு ஏறக்குறைய 2 எம்.பி. போதும். ஆனால், எல்லாத் துண்டுகளையும் பார்க்காது. அவ்வப்போது ஒன்றை எடுத்துச் சோதிக்கும். ஒரு போனில் தப்பிய பிழை, லட்சம் போன்களில் எங்கோ ஒன்றில் சிக்கும்.