பழந்துணியும் பட்டணத்து நாணமும்

ரவாங்கில் எங்கள் இல்லத்தின் பின்புறத்தில் ஒரு கொடி கட்டப்பட்டிருக்கிறது. காலை வெயில் மதிலைத் தாண்டி இறங்கும் வேளையில் அக்கொடியில் இருபது வெள்ளைத் துணிகள் வரிசையாக உலர்வதைக் காணலாம். என் மகள் பெற்றெடுத்த குழந்தைக்கு இடையில் கட்டும் துணிகள் அவை. பேர்த்தியைக் காண வந்த சம்பந்தி அம்மையாரின் கண்ணில் முதலில் பட்டது குழந்தையின் முகமன்று, அக்கொடிதான். "என்ன சம்பந்தி, தோட்டத்துப் பிள்ளையைப் போல வளர்க்கிறீர்களே! ஒரு பேம்பர்ஸ் வாங்கவா வழியில்லாமல் போயிற்று?" என்று கேட்டார். பகையினால் கேட்கவில்லை, பேர்த்தியின்மீது கொண்ட பாசத்தினால்தான் கேட்டார்.

நான் மறுமொழி கூறாது நின்றேன். அதே கேள்வி என் உள்ளத்திலும் இருந்ததே அதற்குக் காரணம். "துணிதான் கட்டப்போகிறோம், அப்பா" என்று பேறுகாலத்திற்கு முன்பே மகள் சொன்னபோது, "உனக்கு எதற்கம்மா இந்தத் தொல்லை?" என்று தடுத்தவன் நான். எனவே, பிறரைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. என் ஐயத்தை நானே அறுத்துப் பார்த்த கதை என்று கொள்க.

சம்பந்தி அம்மையாரின் கேள்வியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். குழந்தையின் உடல்நலம் அதில் இல்லை, தூய்மை இல்லை, தாயின் களைப்பும் இல்லை. இருந்தவை இரண்டே: ஒன்று தோட்டம், மற்றொன்று வறுமை. துணியைக் கண்டதும் நமக்கு ஏற்படும் கூச்சம் குழந்தையைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. இதுவே என் வழக்கு.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அறிவார்கள். தந்தையின் பழைய வேட்டியும் தாயின் நைந்த சேலையும் கிழிபட்டுக் குழந்தையின் துணியாகும். பலமுறை துவைத்துத் துவைத்துப் பூப்போல் மென்மையான துணி அது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், ஆயாக்கொட்டகையில் குழந்தையை விடும்போது, மடித்த துணிக்கட்டு ஒன்றையும் உடன் வைத்துவிட்டுப் போவாள். நண்பகல் வரை பால்மரம் சீவித் திரும்பியவள், அழுக்குத் துணிகளைக் குழாயடியில் கசக்கி, லயத்தின் முன்னே உலர்த்துவாள். என் தாயின் விரல்களில் பால்மரக் கறையும் சவர்க்கார வெடிப்பும் ஒருங்கே இருந்தன.

அவ்வாழ்விலிருந்து வெளியேறினோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாயின. லயத்து மக்கள் அடுக்குமாடிகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தனர். பட்டணத்திற்கு வந்தவர்கள் தோட்டத்து அடையாளங்களை ஒவ்வொன்றாகக் களைந்தார்கள். அதனை நான் குற்றமென்று கூறமாட்டேன். இழிவுபடுத்தப்பட்டவன் இழிவின் சின்னத்தை வீசி எறிவது இயற்கை. ஆனால், எறியும் அவசரத்தில், இழிவு எது, அறிவு எது என்று பிரித்துப் பார்க்க மறந்தோம். குறைந்த கூலி இழிவு. ஒழுகும் கூரை இழிவு. குழந்தைக்குப் பருத்தித் துணி கட்டியது இழிவா?

சொல்லையும் கவனியுங்கள். தமிழில் அணையாடை என்று ஓர் அருமையான சொல் உண்டு. அதனை இன்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம்? பேம்பர்ஸ் என்பது 1961ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் சரக்குக்குச் சூட்டிய வணிகப் பெயர். இன்று அது நம் பாட்டிமார் வாயில் பொருளுக்கே பெயராகிவிட்டது. வேறு நிறுவனத்தின் சரக்கை வாங்கினாலும் "பேம்பர்ஸ்" என்றே கேட்கிறோம். ஒரு வணிகப் பெயர் பொருட்பெயராகும்போது, அப்பொருளைத் தவிர வேறு வழியே இல்லை என்னும் எண்ணமும் உடன் வந்து குடியேறுகிறது. தமிழாசிரியர்கள் இதனை மொழிச் சிக்கல் என்று மட்டும் பார்க்கலாகாது. இது வாழ்க்கைச் சிக்கலுமாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஆறு என்றும், ஒன்றின் விலை 50 காசு என்றும் கொள்வோம். மாதத்திற்கு 90 வெள்ளி. இரண்டரை ஆண்டுகளுக்கு 2,700 வெள்ளிக்கு மேல். நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அவ்வூதியம் பெறும் தொழிலாளி தன் மாத வருவாயில் இருபதில் ஒரு பங்குக்கு மேலாகக் குப்பைத்தொட்டிக்குக் கொடுக்கிறான். கடையில் வாங்கும் நல்ல துணியணையாடைகளுக்கும் விலை உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அவை அடுத்த குழந்தைக்கும் உதவும். பழைய வேட்டிக்கோ விலையே இல்லை. வழியில்லாதவர்கள்தாம் துணி கட்டுவார்கள் என்று நகைப்பவர்களே, வழியில்லாதவனிடமிருந்து மாதந்தோறும் 90 வெள்ளியைப் பெறும் வழக்கத்தை முன்னேற்றம் என்று எந்த நெஞ்சோடு அழைக்கிறீர்கள்?

எறிந்த பொருள் எங்கே போகிறது? தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை 2012ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஆய்வின்படி, மலேசிய வீட்டுக் குப்பையில் 12.1 விழுக்காடு எறியணையாடைகள். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. காகிதக் குப்பையைவிட இது மிகுதி. கோலாலம்பூரின் குப்பை, நமக்கு வடக்கே உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் நிலத்தில் 2005 முதல் புதைக்கப்பட்டு வருகிறது. நெகிழியும் நீர் உறிஞ்சும் செயற்கைத் துகள்களும் சேர்ந்த அப்பண்டம், அதனை அணிந்த குழந்தை வளர்ந்து, முதிர்ந்து, மறைந்த பின்னும் அம்மண்ணில் கிடக்கும். அண்டை நாடான இந்தோனேசியாவில் நிலைமை இன்னும் கொடிது. அங்கே நீர்நிலைகளில் திரண்ட கழிவில் 21 விழுக்காடு எறியணையாடைகள் என்று உலக வங்கியின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அவற்றை எரித்தால் குழந்தையின் உடலில் கொப்புளம் வரும் என்று அஞ்சி, சாவகத் தீவின் பிரந்தாஸ் ஆற்றில் மக்கள் வீசி வந்தனர். அவற்றை ஆற்றிலிருந்து அள்ளுவதற்கென்றே 2017இல் தொண்டர்கள் படை திரட்ட வேண்டியதாயிற்று.

எதிர்வாதங்களை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது நேர்மையன்று. அவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உடல்நலம். துணி ஈரத்தைத் தோலிலேயே வைத்திருக்கும். அதனால் புண் வரும் என்பர். இதில் உண்மை உண்டு. நீரை உறிஞ்சி உள்ளே அடக்கிக்கொள்ளும் ஆற்றலில் எறியணையாடையே மேலானது. ஆனால், புண்ணுக்குக் காரணம் துணியன்று. நனைந்ததை மாற்றாமல் விடுவது. துணி நனைந்தால் குழந்தை உடனே அழுது அறிவிக்கும். நாமும் உடனே மாற்றுவோம். மலத்தைக் கழிவறையில் அகற்றி, சூடான நீரில் துவைத்து, சவர்க்காரம் எஞ்சாமல் அலசி, நல்ல வெயிலில் உலர்த்தினால் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. துணியை மென்மையாக்கும் மணநீரைச் சேர்த்தல் கூடாது. அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

இரண்டாவது, நீர். ரவாங்வாசிகளுக்கு இது வெறும் வாதமன்று, பட்டறிந்த துன்பம். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ரவாங்கின் கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது. குழாய் வறண்ட வீட்டில் துணி துவைக்க இயலாது என்பது மெய்தான். அத்தகைய நாள்களுக்கு எறியணையாடை ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்வதில் எந்தக் கொள்கையும் கெட்டுவிடாது. மற்ற நாள்களில் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இயந்திரத்தில் துவைத்து, ஒவ்வொரு முறையும் 150 லிட்டர் என்று தாராளமாகக் கொண்டாலும், மாதம் 2,250 லிட்டர்தான். சிலாங்கூர் அரசின் இலவச நீர்த் திட்டம் ஒரு குடும்பத்திற்கு வகுத்த மாத அளவு 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர். ஒன்பதில் ஒரு பங்குதான் செலவு. அன்று ஆற்றைக் கெடுத்தது துணி துவைத்த தாய் அல்லள் என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, கற்றவர்கள் கூறுவது. துவைக்கும் மின்சாரத்தையும் நீரையும் கூட்டினால் இரண்டும் ஒன்றே என்பர். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2005இலும் 2008இலும் வெளியிட்ட ஆய்வுகளை இதற்குச் சான்றாகக் காட்டுவர். காட்டட்டும், ஆனால் முழுவதையும் காட்டட்டும். இயந்திரம் நிறையத் துவைத்து, கொடியில் உலர்த்தி, இரண்டாம் குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியே மேல் என்றும், மின்னுலர்த்தியில் உலர்த்தினால் அந்நன்மை போய்விடும் என்றும் 2008ஆம் ஆண்டு ஆய்வே கூறுகிறது. அந்நாட்டு அரசு 2023இல் வெளியிட்ட புதிய ஆய்வோ, புவியைச் சூடேற்றும் வளிகள் துணியணையாடையில் 25 விழுக்காடு குறைவு என்று கண்டது. வெயிலுக்கு ஏங்கும் நாட்டிலேயே நிலை இதுவென்றால், ஆண்டு முழுதும் கதிரவன் காயும் நம் நாட்டில் இந்த ஐயம் எதற்கு?

நான்காவது வாதமே வலிமையுடையது. அதற்கு எளிதில் விடை கூற முடியாது. துவைப்பவர் யார்? பழந்துணியின் பெருமையை மேடையில் முழங்கும் ஆடவர் பலர் ஒரு துணியையேனும் அலசியவர் அல்லர். என் தந்தையும் அலசியதில்லை; என் மகள் பிறந்தபோது நானும் அலசியதில்லை. எறியணையாடை வந்தபோது நம் பெண்கள் அதனை வரவேற்றது பகட்டுக்காக மட்டுமன்று. முதுகு நிமிர்ந்து சற்று நேரம் உறங்கலாம் என்பதற்காகவுமே. பெண்ணின் முதுகில் ஏற்றி வைத்த மரபை மரபென்று போற்ற எனக்கு உரிமையில்லை. தாய் ஒருத்தியே துவைக்க வேண்டும் என்றால், அவள் எறியணையாடையையே வாங்கட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆனால், அதற்கு மாற்று உண்டு. எங்கள் வீட்டில் துணிகளைத் துவைப்பவர் என் மருமகன். இரவில் அலசி ஊற வைப்பதும், காலையில் வேலைக்குச் செல்லுமுன் கொடியில் விரிப்பதும் அவர் பொறுப்பு. மாலையில் மடித்து வைப்பது என் பங்கு. 2023 சனவரி முதல் நம் நாட்டுத் தொழிற்சட்டம் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பையும் தந்தைக்கு 7 நாள் விடுப்பையும் வழங்குகிறது. அந்த ஏழு நாளில் தந்தையர் கற்றுக்கொள்ளட்டும். ஏழு நாள் போதாது என்று அவர்கள் குரல் எழுப்பினால் நானும் உடன் குரல் கொடுப்பேன்.

இரவு வேலைக்குச் செல்லும் தொழிற்சாலைப் பெண், கொடி கட்ட இடமில்லாத அடுக்குமாடிக் குடும்பம், துணியை ஏற்க மறுக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை நம்பியிருக்கும் தாய் ஆகியோரை நோக்கி நான் விரல் நீட்டவில்லை. அவர்கள் இயன்றதைச் செய்யட்டும். பகலில் துணியும் இரவில் மற்றதுமாக இருப்பினும் நன்றே. வசதியும் கொடியும் ஆளும் இருந்தும், "பிறர் என்ன நினைப்பார்கள்" என்பதற்காக மட்டும் துணியை ஒதுக்குகிறவர்களோடுதான் என் வழக்கு.

சென்ற வாரம் சம்பந்தி அம்மையார் மீண்டும் வந்திருந்தார். நண்பகலில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் சொல்லாமலேயே அவர் எழுந்து சென்று துணிகளைக் கொடியிலிருந்து திரட்டி வந்து, தரையில் அமர்ந்து, முக்கோணமாக மடித்து அடுக்கினார். மடிக்கும் முறையை அவருக்கு யாரும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை. அவரும் ஒரு தோட்டத்தில் பிறந்தவரே. "எங்கம்மா இப்படித்தான் மடிப்பாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்; அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

தமிழாசிரியர்களே, மாணவர்களே! தோட்ட வாழ்வைப் பாடமாக நடத்தும்போது கண்ணீரை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். கையில் ஒன்றுமில்லாதபோதும் எதையும் வீணாக்காமல் வாழ்ந்தவர்களின் அறிவையும் காட்டுங்கள். அவர்களின் துன்பத்தை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அவர்களின் அறிவைத் தொலைக்கவும் வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும்போது, கொடியில் துணி உலர்வதைக் கண்டு யாரேனும் ஏளனமாகக் கேட்டால் தலை குனியாதீர்கள். துவைப்பவர் ஆடவராயின் இன்னும் நிமிர்ந்தே நில்லுங்கள்.