எடைமேடைப் பெட்டிக்கு எந்த மோடு?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எடைமேடையும் அரிசி ஆலையும் நடத்தும் என் பழைய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறவினர்களும் படியுங்கள். நெல்லோ மல்லாட்டையோ ஏற்றிக்கொண்டு போய் எடை போடுகிறவர்கள் நம் வீட்டிலும் உண்டு.

எடையைக் காட்டும் இண்டிகேட்டரின் பின்புறம் ஒரு சீரியல் போர்ட் இருக்கும். ஆர்எஸ்-232 என்ற அந்த முறை 1960-லேயே வந்தது. ஐம்பது அடிக்கு மேல் அந்தக் கேபிளை இழுத்தால் நம்ப முடியாது. அதனால் இப்போது நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்து நெட்வொர்க்கில் சேர்க்கிறார்கள். நல்லதுதான், கையால் எழுதும்போதுதான் 3 எல்லாம் 8 ஆகிறது. ஆனால் பொருத்த வரும் தம்பிகள், "எந்த மோடு போட்டாலும் ஓடும் சார்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இந்தத் துறையில் இருக்கும் மாணவன் ஒருவன் எனக்கு விளக்கியதை வகுப்பறை பாஷையில் சொல்கிறேன். டிசிபி சர்வர் மோடில் பெட்டி காத்திருக்கும், கம்ப்யூட்டர்தான் கூப்பிட வேண்டும். ஆசிரியர் பெயர் சொன்னதும் பையன் "உள்ளேன் ஐயா" என்பது போல. டிசிபி கிளையண்ட் என்றால் பையனே எழுந்து வந்து நோட்டைக் காட்டுவது. யுடிபி காலை வழிபாட்டு மைக். எல்லோருக்கும் கேட்கும், யார் காதில் விழவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. ரியல் காம் என்பது, பழைய கேபிளே செருகியிருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்ப வைப்பது. பழைய எடை மென்பொருள் மாற்றமில்லாமல் ஓடும்.

வெளியே மாட்டும் பெரிய எண் பலகைக்கு யுடிபி போதும். நொடிக்குப் பல தடவை எடை வருகிறது, ஒன்று தவறினால் அடுத்தது வந்துவிடும். ரசீதுக்குப் போகும் எடை ஒரே ஒரு தடவைதான் போகிறது. அதற்கு யுடிபி கூடவே கூடாது.

மேடை திண்டிவனத்தில், ஆபீஸ் விழுப்புரத்தில் என்றால் சிலர் ரியல் காமையே இன்டர்நெட் வழியாக இழுக்கிறார்கள். இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். நெட் திணறினால் சில மென்பொருளில் முந்தின டிராக்டரின் எடை திரையில் அப்படியே நிற்கும். அதைக் கவனிக்காமல் சேமித்தால் யாரோ ஒரு விவசாயிக்கு நூறு கிலோ போச்சு. 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் விலைப்படி ஒரு குவிண்டால் சன்ன ரக நெல் 2,545 ரூபாய். மேடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் பதிந்து, ரசீதும் அங்கேயே கொடுத்துவிட்டு, கணக்கை மட்டும் விழுப்புரத்துக்கு அனுப்புங்கள். நேரடியாகத்தான் வேண்டுமென்றால் கிளையண்ட் மோடு, அதுவும் விபிஎன் வழியாக. சர்வர் மோடில் போர்ட்டைத் திறந்து விடுவது வாசற்கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவதுதான்.

பொருத்தியவருக்குப் பணம் கொடுக்கும் முன், வண்டி மேடையில் நிற்கும்போதே நெட் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். வண்டியை இறக்கிய பிறகும் திரையில் அதே எண் நின்றால் பணம் கொடுக்காதீர்கள்.